கலர் தட்டுச் சாப்பாடு

— நிஜமாவாம்மா? இன்னிக்கு முழுங்கலாமா?

— எத்தனை தடவைடி கேப்ப, பட்டு. இன்னிக்கு லைவ். லைவ்ல கட் கிடையாது. கட் இல்லன்னா கப்பும் கிடையாது. வாயில போட்டத முழுங்கித்தான் ஆகணும்.

— கோழியயுமா?

— கோழியயும்தான்.

— தோலோடயா? அந்த மொறுமொறுன்னு இருக்குமே, அதோடயா?

— இப்படிக் கண்ண விரிச்சுக்கிட்டுக் கேக்காதடி. சாப்பாட்டையே பாக்காத பொண்ணுன்னு நினைச்சுக்கப் போறாங்க.

— பாக்கறேனே, வாரா வாரம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். கடிக்கறேன், மெல்லறேன், கண்ண மூடி ‘ஆஹா’ங்கறேன், நீ ‘கட்’னதும் மேசைக்கு அடியில நீலக் கப்புல துப்பறேன். நாக்குக்கு எல்லா ருசியும் தெரியும்மா. தொண்டைக்குத்தான் ஒண்ணும் தெரியாது, பாவம்.

— அப்போ எனக்கும் கப்பு கிடையாதா?

— கிடையாதுடி வாலு. உன் பச்சைக் கப்பு, அக்காவோட நீலக் கப்பு, என் சிவப்புக் கப்பு, எல்லாத்தையும் கழுவிக் கவுத்தாச்சு. இன்னிக்கு மேசைக்கு அடியில உங்க காலு மட்டும்தான் இருக்கணும். அதையும் ஆட்டக் கூடாது, கேமரா குலுங்கும்.

— அப்போ கலர் தட்டுல இருக்கறதத் துப்பணும், வெள்ளைத் தட்டுல இருக்கறத முழுங்கணும்னு நீதானம்மா சொன்ன?

— அது மத்த நாளைக்கு. கலர் தட்டு வீடியோவுக்கு, வெள்ளைத் தட்டு வயித்துக்கு. இன்னிக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணு.

— குழந்தையக் குழப்பாதம்மா. ஏற்கெனவே குழம்பித்தான் இவ்வளவும் ஆச்சு.

— அந்தப் பேச்ச எடுக்காத, பட்டு.

— எடுக்காம? அதனாலதான இன்னிக்கு எனக்குக் கோழி. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு அந்தப் பிறந்தநாள் வீட்டுல இவளக் கொன்னு போடலாம்னு இருந்துச்சு. இப்போ தூக்கி முத்தம் குடுக்கலாம்னு இருக்கு.

— அப்போ அவங்க சிவப்புத் தட்டுல கேக்கு குடுத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்?

— என்ன பண்ணினன்னு நான் சொல்றேன். அத்தனை பிள்ளைங்க நடுவுல ஒரு வாய் கடிச்ச. செவுத்தப் பாத்துக் கண்ண உருட்டின. ‘ஆஹா, வாயில வச்சதும் கரையுது செல்லங்களே’ன்ன. கட்ட விரலக் காட்டின. அப்புறம் பொறுமையா, ரொம்ப மரியாதையா, அந்த வீட்டு ஆன்ட்டி குடிச்சுட்டு வச்சிருந்த கண்ணாடி டம்ளர்ல துப்பின.

— அப்போ அங்க கப்பு இல்ல.

— அதோட விட்டாளா? அந்த ஆன்ட்டியப் பாத்து, ‘இன்னொரு டேக் வேணுமா ஆன்ட்டி’ன்னு வேற கேட்டா. அவங்க என்னப் பாத்தாங்கம்மா. நான் பலூனப் பாத்தேன்.

— சிரிக்காதடி. அந்தம்மா சும்மா இருந்தாளா? ஊரெல்லாம் சொல்லி, யாரோ நம்ம வீடியோவுக்குக் கீழ எழுதி, அதுக்குக் கீழ நூறு பேர் வந்து நின்னு, ‘இந்தக் குடும்பம் சாப்பிடுதா, கொப்பளிக்குதா’ன்னு கேலி பண்ணி, கடைசியில நமக்கு விளம்பரக் காசு குடுக்கற கோழிக் கடைக்காரர் ஃபோன்ல என்ன சொன்னார் தெரியுமா? ‘எங்க கோழியத் துப்பறவங்க எங்களுக்கு வேண்டாம் மேடம்’னார். எனக்குக் காலுக்குக் கீழ தரையே இல்ல. அதான் லைவ்னு சொல்லிட்டேன். ‘கண்ணு முன்னாடி சாப்பிட்டுக் காட்டறோம், பாருங்க’ன்னுட்டேன்.

— நீ வாயக் குடுத்து மாட்டிக்கிட்ட. எனக்கு விருந்து.

— உனக்கு எல்லாம் விளையாட்டு. இது சரியா வரலன்னா சேனல மூடிட்டு நானும் அப்பாவும் தெருவுலதான் நிக்கணும்.

— வரும்மா. சரியா வரும். ஆனா எனக்கு ஒரு வாக்கு வேணும்.

— ஆரம்பிச்சுட்டா.

— லைவ் நல்லா போயிடுச்சுன்னா கப்பெல்லாம் குப்பைல போடணும். இனிமே எந்தத் தட்டுல இருந்தாலும் முழுங்கணும். பத்து டேக் வேண்டாம், ஒரு டேக். ஒரு தட்டு. அத மூணு பேரும் சாப்பிட்டு முடிக்கணும்.

— அவ்வளவையும் தின்னா உடம்பு என்ன ஆகும்? கேமரா ஏற்கெனவே ஒரு சுத்துப் பெருசா காட்டும். அடுத்த மாசம் அந்தத் துணிக்கடை விளம்பரப் படம் வேற இருக்கு. உன் அளவு குடுத்தாச்சு.

— பள்ளிக்கூடத்துல மாடிப்படி ஏறறப்போ எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா.

— அது வெயிலு.

— வெயில் இல்ல. வேக வச்ச காய். காலைல காய், மதியம் காய், ராத்திரி அந்தக் காயோட தண்ணி. சொல்லிடறேன், திட்டாத. என் பக்கத்துல உக்கார்ற பொண்ணு டப்பாலேர்ந்து ரொட்டி எடுத்துச் சாப்பிடறேன், கழிவறைக்குப் போய். அவளுக்கு என்ன ஆச்சரியம் தெரியுமா? ‘உங்க வீட்டுலதான் மேசை நிறைய சாப்பாடாச்சே, என் ரொட்டிக்கு எதுக்குடி வர்ற’ங்கறா. 

— என்கிட்ட சொல்லலாம்ல.

— சொன்னா வெயில்ங்கற.

— அப்போ அப்பா மட்டும் ஏன் முழுங்கறாரு?

— அது ஒண்ணு, நல்லாக் கேட்ட வாலு. கேமராவுக்கு முன்னாடி இருக்கறவங்க துப்பணும், கேமராவுக்குப் பின்னாடி நிக்கறவர் மிச்சத்தத் திங்கலாம். நாம ‘ஆஹா’ன்னு சொல்ற ஒவ்வொண்ணும் அப்பாவோட தொப்பைல பத்திரமா இருக்கு.

— அவரக் கிண்டல் பண்ணாத, விளக்கு கட்டிக்கிட்டு இருக்கார், காதுல விழப் போகுது.

— விழட்டும். என்ன பேசிடப் போறார். நம்ம வீட்டுல அவருக்கும் சேத்துப் பேச நீ இருக்கியே. சரி, அத விடு. நீ மட்டும் என்ன? எங்களத் துப்பச் சொல்லிட்டு ‘நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்’ங்கற. அந்த அப்புறம் எப்போ வருது, எங்கள ஒரு நாளாவது கூப்பிட்டியா?

— அப்போ அம்மாவுக்கு எந்தத் தட்டு? நான் பாத்ததே இல்ல.

— அம்மாவுக்கு டீ கப்பு போதும் கண்ணு. போதும், பேச்சு வளக்காதீங்க. ஒத்திகை பாக்கலாம். வாலு, இந்தா ரொட்டித் துண்டு. வாயில போடு. மெல்லு. மெல்லு. இப்போ உள்ள தள்ளு.

— ம்ம்ம்.

— கப்பத் தேடாத. கீழ பாக்காத. நேரா கேமராவ, அதான் அந்த ஜன்னலப் பாரு.

— போச்சா?

— அப்போ போகுது, ஆனா நின்னு நின்னு போகுது.

— முழுங்கறதுக்குப் பயிற்சி குடுக்கற ஒரே வீடு நம்ம வீடுதான்மா. இதையே தனி வீடியோவா போடலாம்.

— நாக்க மேல ஒட்டி, மூக்கால மூச்சு விட்டு, அப்படியே பின்னாடி தள்ளணும். ஒண்ணும் பயமில்ல. புரியுதா? பின்னாடி தள்ளினா அது பாட்டுக்குப் போயிடும். தொண்டை தானா வழி விடும்.

— அப்போ நீ ஒரு தடவை செஞ்சு காட்டேன்.

— எனக்கு உதட்டுச் சாயம் போட்டாச்சுடி.

— சும்மா ஒரு சின்னத் துண்டும்மா. இந்தா.

— அக்காவும் தங்கையும் சேந்துக்கிட்டு என்னப் படுத்தாதீங்க. வேளை ஆச்சு. பட்டு, தலையச் சரி பண்ணு.

— அம்மா.

— என்ன?

— நம்ம முதல் வீடியோ இருக்குல்ல. அதுல நீ நூடுல்ஸ் தட்ட வழிச்சுச் சாப்பிடுவ. மூக்குல சாஸ் ஒட்டியிருக்கும். அப்பா சிரிச்சுச் சிரிச்சு கேமரா ஆடும். நான் தூக்கம் வராதப்போ எல்லாம் அதத்தான் போட்டுப் பாப்பேன். அதப் பாத்துத்தான இத்தனை பேர் வந்தாங்க.

— அதுக்குக் கீழ என்ன எழுதியிருந்தாங்கன்னு படிச்சியா?

— உன் உடம்பப் பத்தி யாரோ ஒருத்தன் ஏதோ எழுதியிருந்தான்.

— ஒருத்தன் இல்லடி.

— சரி, பல பேர். அவங்க எல்லாம் இந்நேரம் நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கிக்கிட்டு இருப்பாங்க. வாக்குக் குடு. கப்பு எல்லாம் குப்பைக்கு.

— லைவ் நல்லா போச்சுன்னா.

— கையில அடி.

— அடிச்சாச்சு. போதுமா? உக்காருங்க. வாலு, நீ என் பக்கத்துல. முதுக நிமித்து. அப்பா கைய உயர்த்திட்டார். மூடிய எல்லாம் தெறங்க.

— அம்மா, வாசனையப் பாரேன். நிஜமாவே ஆவி வருது. சத்தியமா எனக்கு அழுகை வரும்போல இருக்கு.

— மை கலையும், அழாத. சிரி. ரெண்டு பேரும் சிரிங்க. அப்பா விரல மடக்கறார். வணக்கம் செல்லங்களே, வணக்கம், வணக்கம். எல்லாரும் வந்தாச்சா? இன்னிக்கு நம்ம வீட்டு மேசைல என்ன இல்லன்னு சொல்லுங்க பாப்போம். பொரிச்ச கோழி இருக்கு, உருளைக்கிழங்கு வறுவல் இருக்கு, நூடுல்ஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, இந்தப் பக்கம் பாருங்க, எங்க வாலு உயரத்துக்கு ஒரு கேக்கு. கொஞ்ச நாளா சில பேர் என்னென்னமோ பேசறீங்க. பேசுங்க, நாங்க கோவிச்சுக்க மாட்டோம். பதில வாயால சொல்ல மாட்டோம், வாயால சாப்பிட்டுக் காட்டறோம். நம்ம சேனல்ல எப்பவும் முதல் வாய் யாரோடது?

— அப்போ அம்மாவோடது.

— அம்மாவோடது. இதோ, பெரிய துண்டாவே எடுக்கறேன். எலும்பு இல்லாத துண்டு. சாஸ்ல தோய்ச்சு. ஆ.

— அம்மா கடிச்சாச்சு செல்லங்களே. சத்தம் கேட்டுச்சா? எப்படி இருக்கும்மா?

— ம்ம்.

— பேச்சே வரல பாருங்க. எங்கம்மாவுக்கே பேச்சு வரலன்னா இந்தக் கோழி சாதாரணக் கோழி இல்ல. அம்மா, நான் எடுக்கட்டுமா?

— ம்.

— உத்தரவு கிடைச்சாச்சு. நான் தொடைய எடுக்கறேன். யாரும் எதுவும் பேசாதீங்க, ஒரு நிமிஷம்.

— அப்போ அக்கா கண்ண மூடிட்டா.

— போச்சு. செல்லங்களே, போச்சு. கழுத்தப் பாத்தீங்களா? இப்படியே இறங்குச்சு, சூடா, நெஞ்சு வரைக்கும் தெரிஞ்சுது. இது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல. அதாவது, இவ்வளவு நாளா நல்லா இருந்தத விட இன்னிக்கு நல்லா இருக்கு. வாலு, உன் முறை.

— அப்போ கேக்கு.

— கேக்கே எடு. எந்தத் துண்டு வேணும்? ஓரமா? சரி. மெதுவா. அப்பா, இவ மூஞ்சிக்குக் கிட்ட வாங்க. பாருங்க, மெல்லறா, மெல்லறா.

— அப்போ கப்பு?

— ஐஸ்கிரீம் கப்பு கேக்கறா செல்லங்களே. இவளுக்குக் கேக்கு மேல ஐஸ்கிரீம் வைக்கணும். இல்லம்மா?

— ம்ம். ம்ம்.

— ஐஸ்கிரீம் அப்புறம் கண்ணு. இப்போ அக்காவப் பாரு. என்னப் பாரு. நான் பண்ற மாதிரி. அவ்வளவுதான். அவ்வளவுதான். போச்சா?

— போச்சு. நிக்காமப் போச்சு.

— கைதட்டுங்க எல்லாரும். இப்போ மெசேஜ் படிக்கறேன், ஃபோன் என்கிட்டதான் இருக்கு. ஐயோ, எத்தனை பேர் எழுதறீங்க, ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. ‘வாயத் தெறந்து காட்டுங்க.’ அப்படியா? இதோ, ஆ. நாக்கு, நாக்குக்கு அடியில, ரெண்டு கன்னம். ஒண்ணும் இல்ல. வாலு, நீயும் காட்டு. பல்லு ஒண்ணு விழுந்திருக்கு, அத நாங்க துப்பல, அது தானா விழுந்துச்சு.

— அப்போ அம்மா?

— ‘அம்மாவும் காட்டட்டும்’னு இங்கயும் கேக்கறாங்க. வாயத் தெறன்னு எங்கம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கில்ல செல்லங்களே. எங்க வீட்டுல இன்னிக்கு வரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல, வாய மூட மாட்டாளான்னுதான் எங்கப்பா ஏங்குவாரு. பாருங்க, கேமரா ஆடுது, சிரிக்கறார்.

— ம்ஹும்.

— ‘அம்மா ஏன் பேச மாட்டேங்கறாங்க?’ நேத்திலேர்ந்து எங்களக் கத்திக் கத்தி, இப்போ வணக்கம் சொன்னதோட தொண்டை கட்டிக்கிச்சு. அப்படித்தானம்மா?

— ம்.

— அம்மாவுக்கு இன்னிக்கு லீவு. நான் பாத்துக்கறேன். இப்போ நூடுல்ஸ். இத முள்கரண்டில சுத்தி, இப்படி, இன்னும் பெருசா, வாலு நீ அந்தப் பக்கத்துலேர்ந்து இழு. இழு, இழு. சாஸ் மூக்குல பட்டுடுச்சா? எனக்கும். துடைக்க மாட்டேன். இருக்கட்டும்.

— அப்போ எனக்கு இன்னொரு வாய்.

— கேட்டீங்களா? தானா கேக்கறா. சத்தியமா இத யாரும் சொல்லிக் குடுக்கல. அம்மா, உன் தட்டுல அப்படியே இருக்கே, நான் எடுத்துக்கட்டுமா? இந்தக் கிழங்கும்? தேங்க்ஸ்மா. செல்லங்களே, கோழிக் கடைக்காரர் மெசேஜ் போட்டிருக்கார். ‘அருமை, அருமை’ன்னு ரெண்டு தடவை. அங்கிள், நான்தான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும். நீங்க நினைக்கறத விட நிறையச் சொல்லணும்.

— அப்போ வயிறு டம்முன்னு இருக்கு.

— எனக்கும். அப்பா கையக் காட்டறார். முடிக்கணுமாம். செல்லங்களே, மேசையப் பாருங்க. கோழி இல்ல, எலும்பு இருக்கு. கேக்குல பாதி இல்ல. அடியில பாருங்க, அப்பா, கேமராவக் கீழ காட்டுங்க, எங்க காலு மட்டும்தான் இருக்கு. போயிட்டு வரோம். அம்மா, டாட்டா காட்டு. வாலு, நீயும்.

— டாட்டா.

— நின்னுடுச்சாப்பா? நிஜமா நின்னுடுச்சா? சிவப்பு விளக்கு போயிடுச்சு. அம்மா, ஜெயிச்சுட்டோம்மா. வாயத் தெறக்கச் சொன்னவங்களே ‘மன்னிச்சுக்கங்க’ன்னு எழுதறாங்க. படிக்கட்டுமா? ‘இந்தப் பொண்ணு சாப்பிடறதப் பாத்து எனக்கும் பசிக்குது, எழுந்து போய் சாப்பிடப் போறேன்’னு ஒருத்தி எழுதியிருக்கா. என் வயசுதான் இருக்கும் போல. அம்மா, கேக்கறியா?

— ம்.

— அப்போ அப்பா எங்க போறாரு?

— பேட்டரிய சார்ஜ்ல போடப் போறார். நீ உக்காரு. நான் முதல்ல செய்ய வேண்டியதச் செய்யறேன். எங்க கவுத்து வச்ச? இதோ. சிவப்பு. நீலம். பச்சை எங்கடி? பச்சையக் காணோமே.

— அப்போ எனக்குத் தெரியாது.

— போகட்டும். இந்த ரெண்டு கப்பாவது போகட்டும். அம்மா, பாத்துக்க, உன் கண்ணு முன்னாடி போடறேன். காலால மிதிச்சே போடறேன். சத்தம் கேட்டுச்சா? கோழித் தோல் மாதிரியே மொறுமொறுன்னு உடையுது. நீ கையில அடிச்ச வாக்கு. மாத்திப் பேசக் கூடாது. ஏம்மா, இன்னும் பேச மாட்டேங்கற? கோவமா?

— ம்ஹும்.

— நான்பாட்டுக்கு உன் இடத்துல உக்காந்து பேசிட்டேன்னா?

— ம்ஹும்.

— அப்புறம் என்ன? ஐயோ, அழறியா? மை எல்லாம் ஓடுது பாரு. சந்தோஷமாம்மா? எனக்கும்தான். இந்தா, துடைச்சுக்க. இனிமே நான் கழிவறைல உக்காந்து ரொட்டி திங்க வேண்டாம். துணிக்கடைக்காரங்க வேற அளவு எடுத்துக்கட்டும். நாளைக்குக் காலைல முட்டை. ரெண்டு முட்டை. வெண்ணெய் போட்ட ரொட்டி. நீ, நான், வாலு, ஒரே தட்டுல. அது என்ன கலர் தட்டுன்னு பாக்கவே கூடாது. சரின்னு சொல்லும்மா. ஒரு தடவை வாயத் தெறந்து சரின்னு சொல்லேன், கேக்கணும் போல இருக்கு.

— அக்கா.

— இருடி, அம்மா சொல்லப் போறா.

— அம்மாவால சொல்ல முடியாதுக்கா. என் பச்சைக் கப்பச் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன், அத அம்மாகிட்ட குடுத்துடு. முதல்ல கடிச்ச துண்டையே அம்மா இன்னும் முழுங்கல.